கிணற்றில் தொடங்கிய பந்தயம்

இன்று காலை நாமகிரிப்பேட்டைக்குப் போயிருந்தேன். உன் அப்பாவின் தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையின் ஓரத்தில் யாரோ மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆவியோடு வந்த வாசனையில் வண்டியை நிறுத்திவிட்டேன். தை, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சைக்கிள் ஓட்டிவிட்டு நாமக்கல் வீட்டுக்குள் நுழையும்போது உன் தலைமுடியில் இந்த வாசனைதான் இருக்கும். எந்தப் பக்கம் போய்வந்தாய் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. வேகவைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஆரைத் தேடறீங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நம் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் நீ சைக்கிள் வாங்கினாய். வங்கியில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலி வந்ததுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னாய். வலி போன பிறகும் நீ நிறுத்தவில்லை. விடியும் முன்பே கிளம்பி, சேந்தமங்கலம் சாலையில் கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் வரை போய்த் திரும்புவாய். என் அம்மாவுக்குத்தான் புரியவே இல்லை.

"காரு நிக்குது, ஸ்கூட்டி நிக்குது. இதுல எதுக்குச் சாமி போறே?"

"போயிட்டு வந்தா நல்லா இருக்குதுங்க அத்தை" என்றாய். அதற்கு மேல் நீ யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

லாரி உதிரிபாகக் கடையை நான் நிதானமாகத்தான் திறப்பேன் என்பதால் வீட்டுக் காலைகள் என் பொறுப்புக்கு வந்தன. மகளுக்குச் சடை போடக் கற்றுக்கொண்டேன். "அப்பா போட்ட சடை ஸ்கூல் போறதுக்குள்ள அவுந்துக்குது" என்று அவள் உன்னிடம் புகார் சொல்வாள். அம்மா சட்னி அரைத்துக்கொண்டே முணுமுணுப்பாள்: "மருமவ சைக்கிள்ல போவா, மாமியா சட்னி அரைப்பா. நல்லா இருக்குதுடா உங்க குடித்தனம்." ஆனால் உனக்கான இட்லியை ஆறாமல் மூடிவைப்பதும் அவள்தான்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாகப் போய்விடவில்லை. மகளின் வீட்டுப்பாடத்துக்கு நடுவிலேயே நீ தூங்கி விழுந்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாள், "நீ ஓட்டறதுக்கு நாங்க மூணு பேரு ஓடறோம்" என்றேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். தலை நிமிராமல், "நீங்க கடைக்குப் போறதுக்கு இத்தனை வருசமா நான் ஓடலீங்களா?" என்று கேட்டாய். கோபமே இல்லாத குரல். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் என்று ஒரு பந்தயம் இருப்பதை நீதான் சொன்னாய். கிழக்குக் கடற்கரையில் நடக்கப்போகும் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தாய். சின்ன வயதில் நீ நீந்திப் பழகிய உன் அப்பாவின் தோட்டத்துக் கிணறே மறுபடியும் உன் பயிற்சி இடமானது. மகள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து நீ எத்தனை சுற்று வருகிறாய் என்று எண்ணுவாள். பாதியில் மறந்துபோய் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். நீயும் அவளுக்காக மறுபடியும் ஒன்றிலிருந்து நீந்துவாய்.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது என் தங்கை வந்தாள். அவள் மகனுக்குக் காதுகுத்து. கொல்லிமலை அடிவாரத்துக் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. அதே ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் நான் இல்லாமல் முடியாது. நாளை மாற்றக் கேட்டுப் பார்த்தேன். பெரியவர்கள் ஒப்பவில்லை.

"நீ போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்" என்று உன்னிடம் சொன்னேன்.

"மடியில நீங்க உக்கார வெச்சுக்குவீங்க. அவனுக்கு அத்தைன்னு பக்கத்துல நிக்கறது ஆருங்க?"

அன்று மாலை சைக்கிளை வாசலில் வைத்துக் கழுவினாய். சுத்தமாக இருந்ததை மறுபடியும் கழுவினாய். நான் குழாயை மூடிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரக் கையை என் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். சில நாள் கழித்துச் சாப்பிடும்போது சொன்னாய், "ஏனுங்க, அன்னைக்கு நான் எங்கப்பா ஊட்டுல இருந்தே கோயிலுக்கு வந்தர்றேன். நேரத்துக்கு வந்துருவேன்." உன் கண்ணில் ஏதோ இருந்தது.

காதுகுத்து அன்று கோயிலில் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். பையனுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். தங்கை என் காதருகே வந்து, "அண்ணா, அண்ணி எங்கீங்க?" என்றாள். மலையடிவாரச் சாலையைப் பார்த்தபடி, வந்துவிடுவாள் என்றேன்.

முதலில் உன்னைப் பார்த்தது மகள்தான். "அம்மா ஓடி வருது" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். முட்டிக்குக் கீழே வரும் கறுப்பு உடையில், முகமெல்லாம் சிவந்து, நீ ஓடி வந்துகொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் உன் அப்பா, தலையில் துண்டோடு மொபெட்டை உருட்டாத குறையாக மெதுவாக ஓட்டி வந்தார். முன்னால் ஒரு பையில் உன் பட்டுச்சேலை.

விடியலில் கிணற்றில் நீந்தியிருக்கிறாய். ராசிபுரம் சுற்றிச் சேந்தமங்கலம் வரை சைக்கிள். அதைச் சொந்தக்காரர் வீட்டில் போட்டுவிட்டு, அங்கிருந்து ஓட்டம். "நானும் சொல்லிப் பாத்தனுங்க மாப்ள. மொபெட்டுல ஏறிக்க கண்ணுன்னு. கேட்டாத்தானுங்க" என்றார் உன் அப்பா. குறை சொல்வதுபோலத்தான் தொடங்கினார். முகம் முழுக்கப் பெருமையாக இருந்தது.

கூட்டம் விலகி வழி விட்டது. என் அம்மாதான் முன்னால் போனாள். உன்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குளிச்சியா?"

"கெணத்துல குளிச்சிட்டுத்தானுங்க அத்தை வந்தேன்."

அம்மா தன் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்து, நாங்கள் வந்த வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சேலை கட்டிவிட்டாள். நீ வந்து என் பக்கத்தில் நின்றபோது உன் மூச்சு இன்னும் அடங்கவில்லை. காது குத்தும்போது பையன் வீறிட்டான். அவன் கையைப் பிடித்திருந்த உன் கை சூடாக இருந்தது. பந்தியில் நீ இரண்டு முறை கறிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைத் தங்கை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் அழுவாள்.

அடுத்த வருடம் கடலுக்குப் போகலாம் என்றிருந்தோம். அதற்குள் உனக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. சேலம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அந்த வருடம் போய்விட்டது. காரில் வரும்போது சாலையில் யாராவது சைக்கிள் ஓட்டிப் போனால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாய். ஒரு நாள் உன்னிடம் கேட்டேன், அந்தப் பந்தயத்துக்குப் போகாதது வருத்தமாக இருக்கிறதா என்று.

"இருக்குதுங்க. இல்லாம எப்படி இருக்கும்?" என்றாய். பிறகு சிரித்தாய். "ஆனா அங்க முடிச்சிருந்தா மெடல் குடுத்து அனுப்பியிருப்பாங்க. இங்க எலை போட்டுக் கறிச்சோறு போட்டாங்க. எனக்கு அன்னைக்கு நல்ல பசி."

நீ போன பிறகு மகள் தன் சடையைத் தானே போட்டுக்கொள்கிறாள். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லிமலைச் சாலையில் கொஞ்ச தூரம் ஏறி, ஒரு வளைவில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறேன். பந்தயத்துக்காக நீ சைக்கிளில் மலையேறிப் பழகிய நாட்களில் உனக்காக நின்ற அதே வளைவு. அங்கே நின்று நின்று என் காது ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. கீழே மரங்களுக்குள்ளிருந்து சைக்கிள் செயின் சத்தம் வரும்போதே, ஏறுகிறவர் களைத்திருக்கிறாரா, இன்னும் தெம்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இப்போதெல்லாம் நிறையப் பேர் ஏறுகிறார்கள். கை நீட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன்.

சத்தம் கேட்பதற்கும் ஆள் வளைவில் திரும்பி முகம் தெரிவதற்கும் நடுவில் சின்னதாக ஒரு நேரம் இருக்கிறது. வருவது யாராகவும் இருக்கலாம். அதற்காகத்தான் போகிறேன்.