நம் வாசலில் சிவப்புக் குறி

என் பிடிவாதக்காரிக்கு,

நீ தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிய மறுநாளே நகராட்சியிலிருந்து சிவப்பு பெயின்ட்டோடு வந்துவிட்டார்கள். ஆறு பெருகினால் முழுகப்போகும் வீடுகளுக்குக் குறி போட்டு, மேட்டில் மாற்று வீடு தரும் உன் திட்டம்தான். வரைபடத்தில் உன் கோடு நம் வீட்டுக்கு முன்பே வளைந்துவிடும் என்று தெருவே நம்பியிருந்தது. “மேடம் தன் வீட்டையா இடிப்பாங்க? அவங்க தப்பிச்சா நாமளும் தப்பிச்சோம்.” எங்கே திரும்பினாலும் இதே பேச்சு. உன் கை வளையாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூடக் குடித்தனம் செய்கிற எனக்கே இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது.

பெயின்டர் நம் வாசலில் தயங்கி நின்றார்.

“சார், இது மேடம் வீடாச்சே. மேப்ல ஏதாவது தப்பா இருக்குமோ?”

“அவ கணக்கு தப்பாது. பிரஷைக் குடுங்க.”

நானே போட்டேன். கொஞ்சம் கோணல்தான், வந்து திட்டு. மாடியில் ஆசைஆசையாகக் கட்டிய அறையைப் பற்றி நான் பேச்சே எடுக்கப்போவதில்லை.

மழை அளவு, கடல் மட்டம் என்று எத்தனை கூட்டம் போட்டாய். தொண்டை கட்டியதுதான் மிச்சம், ஒருவரும் அசையவில்லை. இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து குறியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

“உங்க வீட்டுக்கே போட்டாச்சா? அப்போ நிஜமாவே தண்ணி வரும்.”

இதை எழுதும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சாமான் கட்டும் சத்தம் கேட்கிறது.

உன்னோடு மேடு ஏறப்போகிறவன்