அந்த மூங்கிலை எரிக்காதீங்க

எழில்மதி அப்பாவுக்கு சாமியம்மாள் வணங்கி எழுதுவது. பெங்களூரில் நான் சுகம். உங்க தோள் காயம் ஆறிடுச்சா? மலையில் டவர் கிடைக்காததால் எழுதுகிறேன்.

நேற்று நான் கூட்டுகிற மண்டபத்தில் பல நாட்டுக்காரர்கள் கூட்டம். சுவரில் ஒரு படம். பிள்ளைத்தாச்சி ஒருத்தியைப் போர்வையில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிப் போகிறார்கள். நாம் எழிலைப் பிரசவத்துக்குத் தூக்கிப்போய் வழியிலேயே பறிகொடுத்தோமே, அதே மாதிரி. நம்ம மகள்தான் என்று பதறி வாளியைக் கவிழ்த்துவிட்டேன். பயப்படாதீங்க, அடிபடவில்லை.

சூப்பர்வைசர் சுபலட்சுமி அக்கா சின்னசேலத்துக்காரங்க. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாங்க.

"அது வேற நாடு சாமியம்மா. பிரசவத்துல பொம்பளைங்க சாவுறத கம்மி பண்ணணும்னு எல்லா நாடும் கூடி முடிவு எடுத்துக்கீறாங்க. நம்ம நாடும்தான். பத்து வருசம் ஆவுது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது எழில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் சாகக்கூடாது என்று உலகமே கூடிப் பேசியிருக்கிறது. நம்ம ஊருக்கு ரோடு மட்டும் வரவில்லை. நீங்களோ நான்தான் மெதுவாகத் தூக்கிப்போனேன் என்று சோறு தின்னாமல் கிடக்கிறீங்க.

உங்கமேல் தப்பு இல்லீங்க. எழிலைத் தூக்கின மூங்கிலை எரிக்கப்போவதாகச் சொன்னீங்களே. அந்த மூங்கிலை எரிக்காதீங்க. கிராம சபைக்குத் தூக்கிப்போய் எல்லார் முன்னாலும் போட்டு, ரோடு எங்கே என்று கேளுங்க.

எழில் சேலை ஒன்று அனுப்புங்க, இங்கே குளிர் ஜாஸ்தி. வேலைக்குக் கூப்பிடுறாங்க. முதலில் சாப்பிடுங்க.