சாவகச்சேரி தாண்டாத லொறி

9 மாசி, திங்கள்

காலையில் கடும் பனி. முன்கண்ணாடி துடைக்க ஒரு துணி அகப்படவில்லை இந்த வீட்டில்.

லொறி இன்றும் நின்றது. அதே கதை. வீட்டிலிருந்து நன்றாக ஓடும். சாவகச்சேரிச் சந்தை கிட்ட வர இழுவை குறையும். இரண்டு குலுக்கல். பிறகு சத்தமில்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் எடுக்கும்.

காரில் போன ஒருவன் கண்ணாடியை இறக்கி, "என்ன மாஸ்ரர், லொறிக்கும் இன்ரேவலோ?" என்றான். ரியூட்டறியில் என்னிடம் பௌதிகம் படித்தவன். கடைசி வாங்கில் நித்திரை. இப்போது வங்கி மனேச்சர்.

வெள்ளிக்கிழமை குப்பிளான் சிவராசாண்ணையின் வெங்காயம் தம்புள்ளைச் சந்தைக்குப் போகவேண்டும். இந்தப் போகத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆள் அவர். இதுவும் போனால் லொறி பழைய இரும்புக்கு. பிறகு நான் எதற்கு என்று தெரியவில்லை.

10 மாசி, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை.

டீசல் பில்டர் மாற்றியாயிற்று. பழையதின் அடியில் தண்ணீர் ஒரு மிடறுகூட இல்லை. பிறகு டீசல் குழாயில் அடைபட்ட காற்றை எடுத்தேன்: நட்டை இளக்கி, கைப்பம்பை அமத்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை. சோற்றிலும் டீசல் நாற்றம்.

ஓடிப் பார்த்தேன். சாவகச்சேரிக்கு முன்னமே, கைதடி தாண்டி நின்றது.

கராச்சுக்காரன் பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. "உது டீசல் பம்ப்தான் மாஸ்ரர். கழட்டிக் கொழும்புக்கு அனுப்புவம்." இருக்கலாம். தேய்ந்த பம்பும் சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். ஆனால் பார்க்காமல் சொல்கிறவன் சொல்லி நான் கழற்றுவதில்லை.

பின்னேரம் சிவராசாண்ணை போன். "வெங்காயம் பாத்துக்கொண்டிருக்காது மாஸ்ரர். ஏலாட்டிச் சொல்லுங்கோ, உங்கடை தம்பியாரைக் கேக்கிறன்."

என் தம்பி. அடுத்த கேற் வீடு. புது லொறி.

டீசல் இல்லாத அந்த வருடம் நாள்கணக்கில் வரிசையில் நின்று தாங்கியை நிரப்பி, அவன் வளவுக்குள்தான் லொறியை விட்டேன். பெரிய கேற், பத்திரம் என்று. ஒரு காலை தாங்கி வெறுமை. "அண்ணை, கள்ளர் குழாய் விட்டு உறிஞ்சேலாதபடி தாங்கி வாய்க்குள்ளை வெங்காயப் பை திணிச்சு விட்டனான்" என்றான். தாங்கி வாய்க்குள் ரோச் அடித்துப் பார்த்தேன். பையும் இல்லை, ஒன்றும் இல்லை. டீசலையும் எடுத்துப் பொய்யும் சொல்கிறவனோடு கதைப்பதை அன்றோடு விட்டேன்.

பயணம் புறப்படும்போது என் கேற்றடியில் இப்போதும் ஒருதரம் ஹோர்ன் அடிக்கிறான். ஒரே லொறியை மாறி மாறி ஓட்டிய காலத்துப் பழக்கம்: வெளிக்கிடுகிறவன் மற்றவனுக்கு அடித்துவிட்டுப் போவது. நான் அடிப்பதில்லை.

11 மாசி, புதன்

வெயில். முதுகு பிடிப்பு.

தாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, பிளாஸ்ரிக் கானில் டீசல் நிரப்பிச் சீற்றுக்குப் பின்னால் உயரக் கட்டி, அதிலிருந்து நேரே பம்புக்கு ஒரு குழாய். ஓடினேன். கைதடி. சாவகச்சேரி. கொடிகாமம்வரை போய்த் திரும்பினேன். ஒரு குலுக்கல் இல்லை.

ஆக, பம்ப் சுகம். எஞ்சின் சுகம். நோய் தாங்கிக்குள். ஏதோ ஒன்று உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டுகிறது. எஞ்சின் நின்றால் இழுவை விட்டு விழுகிறது. கராச்சுக்காரனுக்குச் சொல்லவில்லை. சொன்னால், தானும் அதைத்தான் சொன்னதாகச் சொல்வான்.

மனைவி சந்தையில் கேட்டு வந்த கதை. சிவராசாண்ணை தம்பியைக் கேட்டாராம். "அது அண்ணையின்ரை லோட். நான் தொடமாட்டன்" என்றானாம்.

பெரிய மனுசத்தனம். ஊர் மெச்ச வேண்டும்.

"நீங்கள் ஒண்டையும் நல்லதாய் எடுக்கமாட்டியள்" என்றாள். மீன் பொரியல் உப்பு.

12 மாசி, வியாழன்

வெயில். காற்று.

தாங்கியை இறக்கிக் கவிழ்த்தேன். இரும்புக் கறள். சேறு. பிறகு, கறுத்துச் சளி பிடித்து, ஒரு முனை நாராய்ப் பிரிந்து, சிவப்பு வலைப் பை. வெங்காயப் பை.

கழுவினேன். வாயைச் சுற்றிக் கம்பி. மூன்று முறுக்கு, கை குத்தாதபடி நுனியை உள்ளே மடித்து. அப்படி முறுக்குகிறவன் ஒருவன்தான். சின்னதில் சைக்கிள் பிறேக் கம்பியையும் அப்படித்தான் முறுக்குவான்.

வழுக்கி உள்ளே, ரோச் வெளிச்சம் எட்டாத மூலையில் விழுந்திருக்கிறது. நார் பிரிந்தபிறகுதான் உறிஞ்சு குழாயின் வாய்க்கு வந்திருக்கிறது. அதன்பிறகு எவனோ குழாய் விட்டிருக்கிறான். எவனென்று இனித் தெரியாது.

மனைவி வந்து பார்த்தாள். "போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள்.

என்ன சொல்ல? இவ்வளவு வருடமும் அவன்மேல் இருந்த கோபத்தில்தான் காலையில் எழும்பினேன். இப்போது அதுவும் இல்லை.

வாங்க வேண்டியவை: தாங்கிப் பட்டிக்கு நட், குழாய்க் கிளிப், சவுக்காரம்.

13 மாசி, வெள்ளி

பனி குறைவு. தாங்கியைப் பூட்டியாயிற்று. லோட் ஏற்றி முடிந்தது. சிவராசாண்ணை ஏற்றி முடியும்வரை லொறியையே பார்த்துக்கொண்டு நின்றார், சாகக்கிடக்கும் மாட்டைப் பார்ப்பது போல.

வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். தம்பி வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். தலை நரைத்துப் போயிருக்கிறான், இப்போதுதான் கண்டேன். வேகத்தைக் குறைத்தேன். ஹோர்னில் கை வைத்தேன். அவன் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அடிக்கவில்லை.

கொடிகாமத்தில் தேத்தண்ணீர்க் கடையில் இருந்து எழுதுகிறேன். லொறிக்கு ஒரு குறையும் இல்லை.