காணாமல் போனவரின் மனைவி

அன்பு மாமி,

எதையும் மறைக்காமல், கூட்டாமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நீங்கள் மௌத்தாகி இந்த உலகத்தை விட்டுப் போன பிறகு இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க எனக்கு ஆளில்லை.

வானூரில் தையல்கடை வைத்திருக்கும் பஷீர், அம்மாவை நிக்காஹ் செய்யக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் சம்மதம்தான். ஆனால் என்னைப் பெற்ற அத்தா வெளிநாட்டு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போன இந்த ஆறு வருடமாக அம்மா கழுத்தில் கிடக்கும் கல்யாணக் கருகமணியைக் கழற்றவில்லை.

உங்கள் ஆராய்ச்சியே இதைப் பற்றித்தானே? யூனிவர்சிட்டி மேடையில் நீங்கள் பேசியது நினைவிருக்கிறது. காணாமல் போனவனின் வயதுக்காரர்கள் எல்லாரும் இறக்கும்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபு என்ற சட்டப்பிரிவின் பழைய கருத்து. நான்கு வருடம் போதும் என்பது மாலிகி மத்ஹபு. பெண்கள் படும் பாட்டைப் பார்த்து நம் நாட்டு மார்க்க அறிஞர்களான ஆலிம்களே அதை ஏற்றார்கள், பிறகு சட்டத்திலும் வந்தது என்றீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

அதை அம்மாவிடம் மட்டும் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? காணாமல் போனவர் உங்கள் அண்ணன் என்பதாலா?

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா அறையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் நிர்வாகியான முத்தவல்லியும் அம்மாவிடம் பேசினார்கள்.

"நிக்காஹை ரத்து பண்ணச் சொல்லிக் கோர்ட்ல மனு போட்டுடும்மா. அவன் மௌத்துன்னு நாங்க சொல்லல. காணோம், அவ்ளோதான்" என்றார் ஹஜ்ரத்.

"தீர்ப்பு வந்தா வெளிய போகாம இத்தா காலம் காத்திருக்கணுமே ஹஜ்ரத். உப்பு சீசன்ல நான் வீட்ல உக்காந்துட்டா உப்பளத்துல மூட்டை யாரு தைப்பா?" என்றாள் அம்மா.

முத்தவல்லி சிரித்துவிட்டார். "கோர்ட்டு அவ்ளோ சீக்கிரம் தீர்ப்பு குடுத்துடுமா? அதுக்குள்ள மழையே வந்துடும் போம்மா!"

நானும் சிரித்தேன். உடனே அழுகை வந்துவிட்டது. அத்தா இறந்திருந்தால் அம்மா விதவை, உயிரோடிருந்தால் மனைவி. இரண்டில் எது என்று தெரியாமல் எப்படி விடுதலை? நாளை அத்தா வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவேன்?

வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வேணாம்னு சொல்லு பாப்பா, நான் போடல."

மேடையில் பேசிய மாமியைக் கேட்பதா, வீட்டில் பேசாமல் இருந்த மாமியைக் கேட்பதா? "போடும்மா" என்றேன். சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா ஹஜ்ரத்திடம் விவரம் கேட்க மறுபடி உள்ளே போனாள். நான் மதரஸா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அம்மாவோடு திண்டிவனம் கோர்ட்டுக்குப் போவேன், மாமி. யார் கேட்டாலும் அத்தா வரவில்லை, பேசவில்லை என்று சொல்வேன். அவர் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

அம்மா வந்துவிட்டாள். மதரஸாவில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
சபீனா
மரக்காணம்