நீ சட்டை கழற்றாத திருவிழா

மச்சான்,

இன்று நான் இருக்கும் புருசெத்தில் விடியற்காலையிலிருந்தே மழை. என் மழைக்கோட்டு கிழிந்துவிட்டதால், உன் மனைவி போன மாதம் என்னிடம் தந்த உன்னுடைய நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். நான் உன்னைவிடப் பருத்தவன். அப்படியிருந்தும் எனக்கே தொளதொள என்று கிடக்கிறது. வலது பக்க உட்துணி இடுப்புக்கு நேரே தேய்ந்து நூல் விட்டிருக்கிறது. அளவு தெரியாமல் பெரிசாக எடுத்துவிட்டார் என்று சொல்லித்தான் உன் மனைவி தந்தார். நானும் ஓம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

நீ அளவு தெரியாமல் எடுக்கவில்லை. கடைக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்தும் நிமிர்ந்தும் கையை உயர்த்தியும் பார்த்துத்தான் எடுத்திருப்பாய். ஒரு கைத்துவக்கை மறைக்க எவ்வளவு துணி வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் அந்த மார்கழிப் பின்னேரத்தில் தொடங்கியது. ரொம்சோஸ் போக வேண்டும் என்று உன் டாக்சியில் ஏறியவன் பின்னாலிருந்து உன் கழுத்தில் கத்தியை வைத்தான். கைத்தொலைபேசியைப் பறித்துக்கொண்டு பனிக்குள் ஓடிவிட்டான். காயம் ஒரு பிளாஸ்டருக்குள் அடங்கியது. பொலிஸ்காரர்கள் மரியாதையாக வந்து விசாரித்தார்கள், பிறகு ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பின்சீட்டில் யாராவது இருமினாலே உன் கழுத்து நடுங்கத் தொடங்கிவிடும். எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் ஆளுக்கு ஆள் சொன்னோம். சொல்வதற்கு என்ன, சும்மாதானே.

நீ துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேர்ந்ததைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். துவக்குக்குப் பயந்து நாடு விட்டு நாடு வந்தவன் காசு கட்டித் துவக்குப் பழகுகிறான் என்று எத்தனை வீடுகளில் சொல்லி நக்கலடித்திருப்பேன். நீ கோபிக்கவில்லை. கடதாசியைத்தான் சுடுகிறோம், விளையாட்டு என்றாய். மாதக்கணக்கில் பழகிய பிறகு துவக்கு வாங்கப் பொலிசாரின் அனுமதி கிடைத்தது. எது கைக்குப் பொருந்தும், எது உதறாது என்று, கார் வாங்குகிறவன் மாதிரி வாய் ஓயாமல் கதைத்தாய். உனக்குச் சின்னது ஒன்றுதான் விருப்பம், ஆனால் கழகத்துக்காரருக்கு அவ்வளவு சின்னதற்கு அனுமதி இல்லையாம் என்று சலித்துக்கொண்டாய். கடதாசியைச் சுடுகிறவனுக்குச் சின்னது எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தோட்டா இல்லாமல் பெட்டியில் பூட்டி, கழகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் கொண்டுபோக வேண்டிய சாமான் அது. நீ அதை இடுப்பில் கட்டிக்கொண்டு டாக்சி ஓட்டினாய்.

அதன்பிறகு நீ கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடமிருந்து விலகினாய். ஆளைக் கண்டதும் கட்டிப்பிடிக்கிறவன், பக்கவாட்டில் நின்று கை கொடுக்கத் தொடங்கினாய். விருந்து வீடுகளில் ஜாக்கெட்டைக் கழற்றாமல், வலது பக்கம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாய். கோயிலில் நீயும் நானும்தான் ஆரம்பத்திலிருந்தே வாகனத்தின் முன்தடிக்குத் தோள் கொடுத்துச் சுவாமி காவியவர்கள். வெறும் மேலோடு, வேர்வை வழிய, உன் தோள் இடப்பக்கம், என் தோள் வலப்பக்கம். அதையும் தோள் வலி என்று விட்டாய். லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கியதும் தோளும் பெரிய மனிதத் தோளாகிவிட்டதாக்கும் என்று அதற்கும் நக்கலடித்தேன்.

பிறகு ஒரு கோடைத் திருவிழா. நல்ல வெயில். வேலை முடிந்து நேரே வந்த நீ, அந்த வெயிலிலும் ஜாக்கெட்டோடு வாசலுக்கு வெளியே நின்றாய். உள்ளே தடிக்கு ஓர் ஆள் குறைந்தது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, சாட்டுச் சொல்லாமல் கழற்றிப்போட்டு வா என்று உன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். என் கை இரும்பில் பட்டது.

என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்தன. நான் உயர்த்தவில்லை, அவை தாமாகவே உயர்ந்தன. ஊரில் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்த்து நடப்பவர்களைக் கண்டால் நீயும் நானும் சைக்கிளைத் திருப்பி வேறு ஒழுங்கையால் போவோம். இடுப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பயம் இத்தனை வருடம் என் கைகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

உன் முகம் செத்துப்போனது.

“எனக்கே கையைத் தூக்கிறாய், மச்சான்,” என்றாய்.

உள்ளே மேளம் முழங்க, நாங்கள் உன் டாக்சிக்குள் போய் இருந்தோம். காருக்குள் வைத்துவிட்டு வந்தால் யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்றுதான் இடுப்போடு வந்ததாகச் சொன்னாய். நான் வாயில் வந்தபடி ஏசினேன். பிடிபட்டால் டாக்சியும் போகும், மறியலில் கம்பியும் எண்ணுவாய், பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பாய் என்று கத்தினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

“அது இருந்தால் கழுத்து நடுங்குதில்லை.”

 

அடுத்த கிழமையே அதைப் பொலிசாரிடம் ஒப்படைத்தாய், கழகத்திலிருந்தும் விலகினாய். விளையாட்டில் ஆர்வம் போய்விட்டது என்று கழகத்தில் சொன்னாயாம். என் ஏச்சு வேலை செய்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை. ஏச்சை நீ எப்போது பொருட்படுத்தினாய்? என் கைகள் உயர்ந்ததைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. நடுக்கம் திரும்பி வந்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போனாய். எனக்கு லீவு நாட்களில் உன் முன்சீட்டில் வந்து குந்தியிருந்தேன். ஏறுகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வேலை பழக வந்தவர் என்று நீ அவர்களுக்கு நொர்ஸ்க் மொழியில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். அந்த நாட்கள் நல்லாய்த்தான் இருந்தன. கொஞ்ச நாட்கள்தான். அடுத்த திருவிழாவுக்கு முன்பே வயிற்றில் வந்த நோய் உன்னைப் படுக்கையில் போட்டது. தடிக்கு இடப்பக்கத்தில் வேறு யாரோ தோள் கொடுத்தார்கள்.

எனக்கு உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு கத்திக்காரன் கொஞ்ச நேரம் பயமுறுத்திவிட்டுப் போனான். அவனுக்காக வருடக்கணக்கில் எங்கள் எல்லோரையும் ஒரு கை தூரத்தில் நிறுத்தினாயே. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அதைவிட எரிகிறது வேறொன்று.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, அந்த மெல்லிய வெள்ளை உடுப்புக்குள் நீ எலும்பாகக் கிடந்தாய். நான் வழக்கம்போலக் கை கொடுக்க வந்தேன். நீ கையை வாங்கவில்லை.

“கட்டிப்பிடி, மச்சான். இப்ப இடுப்பிலை ஒண்டுமில்லை.”

குனிந்து கட்டிப்பிடித்தேன். அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே என் வலக்கை உன் முதுகிலிருந்து மெல்ல இறங்கி, உன் இடுப்பில் போய் நின்று தடவிப் பார்த்தது. அந்த நிலையிலும். உன்னிடம்.

உனக்குத் தெரிந்தது. என் கை நன்றாகப் பார்க்கட்டும் என்று, முழங்கையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாய்.