நெற்றியைத் தூக்கிப் பாஸான பரீட்சை

பங்குனி 3, செவ்வாய்

காலையிலேயே அனல். பந்தல்குடி ரோட்டில் ஆடுகளைத் தாண்டவிடும்போது லாரி ஒன்று பிரேக் அடித்து நின்றது. ஒரு முழ இடைவெளி. சக்கரமும் நம்பர் தட்டும்தான் தெரிந்தன. குரல் மேலேயிருந்து வந்தது. "ஏ பெருசு, தூங்கிக்கிட்டா நடக்குற?"

தூங்கவில்லை. மேல் இமை இரண்டும் தொங்கிப்போய்க் கண்மணியை மறைக்கின்றன. தலையைப் பின்னால் சாய்த்து நாடியைத் தூக்கித்தான் எதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மகன் முருகேசன் கேள்விப்பட்டுவிட்டான். "கண்ணுக்கு வழி பண்ணலைன்னா ஆட்டைப் பூராம் கொடுத்துருவேன்பா." பதினெட்டு உருப்படி. ஒவ்வொன்றுக்கும் நாலு தலைமுறை சொல்வேன். எழுத்து மட்டும் வராது. இதுவும் நான் பேச, போன் எழுதிக்கொள்வதுதான்.

பங்குனி 5, வியாழன்

மதுரை கண் ஆஸ்பத்திரி. இருட்டறை. மெஷினில் நாடியை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். வாழ்க்கையில் முதல் பரீட்சை. விடுவேனா? புருவத்தை ஏற்றி, நெற்றி வலிக்க வலிக்க இமையைத் தூக்கிப்பிடித்து, ஒரு புள்ளி விடாமல் அழுத்தினேன்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பார்வை மறைக்கலையே ஐயா. அப்ப இது அழகுக்குப் பண்றதுதான். காப்பீட்டு அட்டையில வராது" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் முருகேசன்: "யப்பா, பாஸாகவா உங்களக் கூட்டிட்டு வந்தேன்?"



பங்குனி 7, சனி

மச்சினன் சுப்பையா வந்தான். "என்ன மச்சான், அழகுக்கு ஆபரேசனாம்ல. பொண்ணு எந்த ஊரு?" என் வீட்டுக்காரி செல்லத்தாயி அடுப்படியிலிருந்து, "இருக்கிறவள முழுசாப் பாக்கட்டும் மொதல்ல" என்றாள்.

சிரித்தேன். ஆனாலும் ஆட்டு வியாபாரிக்கு முருகேசன் போன் போட்டதைக் கேட்டுவிட்டேன்.

அழகு வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பேத்தி காதுகுத்தில் சம்பந்தி, "உங்கய்யா சபையில உக்காந்தே தூங்குறாரு" என்று முருகேசனிடம் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

பங்குனி 10, செவ்வாய்

மறுபடி மதுரை. டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். "நெத்தியத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்மா." களவைச் சொன்ன மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, "இப்பப் பாருங்க" என்றார். பாதி டாக்டரம்மாவைக் காணோம்.

நர்ஸ் புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். அதே மெஷின். மேல் பக்கம் பூராவும் இருட்டு. பொத்தான் மேல் விரல் சும்மா இருந்தது. இவ்வளவு இருட்டையா தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ரோட்டில் போனேன்?

பெயில். அட்டையில் சேரும் என்றார்கள்.

பங்குனி 16, திங்கள்

நாளை ஆபரேசன். மரத்துப்போக ஊசி மட்டும், முழிப்பாகத்தான் இருக்க வேண்டுமாம். "கொஞ்ச நாள் இமை முழுசா மூடாது, அப்புறம் சரியாயிரும்" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சரியாகாவிட்டால்? திறந்த கண்ணோடு செத்துப்போனால் யாராவது மூடிவிட வேண்டும். செல்லத்தாயியிடம் சொல்லவில்லை. ஆடுகளுக்குக் கருவேல நெற்று போட்டேன். கருப்பு மறை விழுந்த ஆடு மட்டும் தின்னவில்லை.

பங்குனி 20, வெள்ளி

வீக்கம். நீலம் பாரித்த இமை. மருந்து நாலு வேளை. மதியம் தூங்கி எழுந்து கேட்டேன், கண் மூடியிருந்ததா என்று.

"முக்காவாசி மூடிச்சு" என்றாள் செல்லத்தாயி.

"மீதி?"

"முந்தானையப் போட்டு மறைச்சுட்டுப் பக்கத்துலயே இருந்தேன்."

பங்குனி 25, புதன்

நேற்றுத் தையல் பிரித்தாயிற்று. இன்று முருகேசன் ரோட்டோரம் கூட்டிப்போய் நிறுத்தினான். ஆட்டுக்கம்பு அவன் கையில்தான்.

"என்ன வருதுப்பா?"

லாரி. நாடியைத் தூக்கவில்லை. சக்கரம், நம்பர் தட்டு, அதற்கு மேலே கண்ணாடி. உள்ளே சிவப்புத் துண்டு கட்டின டிரைவர், கொட்டாவி விடுகிறான்.

சொன்னேன். கம்பை நீட்டினான்.