தக்கை அசைந்தபோது

அமலி,

நீ பூசை முடிந்து வரும்போது நான் கொள்ளிடக் கரையில் இருப்பேன். சாவி மீட்டர் பெட்டிக்குள். சாம்பார் வைத்துவிட்டேன். சிலிண்டர் வந்தால் வாங்கி வை. ஃப்ரிட்ஜில் மாவுக்குப் பின்னால் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறக்காதே, உள்ளே மண்புழு. குளிரில் அவை சாகாமல் சுருண்டு கிடப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"வீட்டுலயே வாயைத் திறக்க மாட்டீங்க, மீன்கிட்ட என்னத்தப் பேசப் போறீங்க?" என்று கேட்டாயே. பேச வேண்டாம், தூண்டில் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று தக்கை லேசாக அசைந்தது. கெண்டையா, கெளுத்தியா, வெறும் நீரோட்டமா, இப்போதே இழுக்கலாமா என்று யோசித்தபடியே இருந்துவிட்டேன். இழுத்தபோது முள்ளில் புழு இல்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த வங்கிக்கார வளவன் சிரித்தார்: "அது கேட்டுப் பார்த்துட்டுப் போயிருச்சு சார். நீங்கதான் பதிலே சொல்லலை."

தலைமையாசிரியையாகத் தொட்டியம் போகட்டுமா என்று நீ கேட்ட அன்றும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று நினைக்கவில்லை, அமலி. யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ எழுந்து போய்விட்டாய்.

போகலாம். நாளைக் காலையிலேயே சம்மதம் சொல்லிவிடு. நானும் வருகிறேன்.

பாக்கியநாதன்

புளி ஊறப் போடாதே. மீன் நிச்சயமில்லை.

இன்னொன்று: தொட்டியத்துக் கரையில் என்ன மீன் கிடைக்கும் என்று வளவனிடம் நேற்றே கேட்டுவிட்டேன்.